கடல் கடந்த இல்லறம்

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து நோக்கி நிற்கும் பேட்டைகளுள் பேகம்பூர் ஒன்று. தோல் ஷாப்புகளும் புகையிலைக் கிடங்குகளும் பெரிய பள்ளிவாசலும் நம்மில் பலர் கண்டு பழகியவை. ஆனால் அவ்வூர்ப் பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் தங்கையாகிய அமீருன்னிஸா பேகம், 18ஆம் நூற்றாண்டில் திண்டுக்கற் சீமையை ஆளவந்த தம் கணவருடன் இவண் வந்து, இம்மண்ணிலேயே அடங்கினார். அவர் பெயரே ஊருக்குப் பெயராயிற்று. பிறந்த நாட்டை விட்டுக் கணவன் சென்றவிடத்துக்குத் தானும் சென்ற ஒரு பெண்ணின் நினைவு, அரச குலத்தாள் என்னும் காரணத்தால், கல்லிலும் சொல்லிலும் நிலைத்தது.

அதே சமவெளியினின்றும், அதன்பின் வந்த நூற்றாண்டில், ஆயிரக்கணக்கான இளந்தம்பதிகள் கையில் ஒரு மூட்டையும் மடியில் ஒரு குழந்தையுமாக ரயிலேறிக் கப்பலேறிப் பிற நாடு சென்றனர். அவர்கள் பெயரால் எவ்வூரும் வழங்கவில்லை. அவர்கள் ஏன் சென்றனர், எவ்வாறு சென்றனர், சென்றவிடத்து அவர்களுடைய இல்லறம் என்னவாயிற்று என்பனவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இதே காலத்தில் இதே சாம்ராச்சியத்தின் மற்றொரு மூலையிலிருந்து கப்பலேறிய வேறொரு தம்பதியை நோக்குவோம். அவர்களோடு ஒப்பிட்டாலன்றி நம்மவர் நிலை நன்கு விளங்காது. ஆங்கில நாட்டில் 1830ஆம் ஆண்டையொட்டி வேலையின்மையும் வறுமையும் மிகுந்திருந்தன. அப்பொழுது எட்வர்ட் கிப்பன் வேக்பீல்ட் என்பார் குடியேற்றத்திற்கென ஒரு முறையை வகுத்தார். குடியேற்ற நாடுகளிலுள்ள நிலத்தை இலவசமாக வாரியிறைத்தல் கூடாது. தக்க விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு உழைப்பாளிகளைக் கப்பற்கூலியின்றி அழைத்து வருதல் வேண்டும் என்பது அதன் சாரம். வந்தவர்கள் சில ஆண்டு கூலிக்கு உழைப்பர். மிச்சம் பிடித்துத் தாமே நிலம் வாங்குவர். அந்த விலைப்பணம் மேலும் சிலரைக் கொணரும். இம்முறையைத் தழுவி 1834ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தினால் தென் ஆஸ்திரேலியா என்னும் குடியேற்ற நாடு உண்டாயிற்று. 1836ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அதன் முதல் கவர்னர் 'பபலோ' என்னும் கப்பலில் அங்குச் சென்று இறங்கினார்.

அக்குடியேற்றத்தை நடத்தியோர் மிகவும் விரும்பியழைத்தது இளந்தம்பதிகளையே. ஆடவர் மட்டும் சென்றால் ஊர் உண்டாகாது, வெறும் பாசறையே உண்டாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகையால் முப்பது வயதுக்குட்பட்ட மணமான உழைப்பாளிகளுக்கே இலவசப் பிரயாணத்தில் முதலிடம் தந்தனர். அத்தம்பதிகள் கடலில் நான்கைந்து திங்கள் பட்ட துன்பம் பெரிது. பல குழந்தைகள் வழியிலேயே இறந்து கடலுக்கு இரையாயின. ஆயினும் கரை சேர்ந்தவர்க்கு, உழைத்தால் நிலம் வாங்கலாம் என்னும் வழியிருந்தது; நாளடைவில் வாக்குரிமையும் வந்தது. 1894ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சட்டசபை பெண்களுக்கும் வாக்களித்தது. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த ஆதிக்குடிகள் இதற்குக் கொடுத்த விலை கொடியது என்பதையும் மறத்தலாகாது. இங்கு நாம் மனத்திற் கொள்ள வேண்டுவது யாதெனில், ஆங்கிலத் தம்பதியைக் கப்பலேற்றியவர்கள் அவர்களைக் குடிகளாக எண்ணியே ஏற்றினர் என்பதாம்.

இனி நம்மவரைப் பார்ப்போம். திண்டுக்கல், நத்தம், வத்தலக்குண்டு, பழனிப் பக்கத்துப் புன்செய் நிலங்கள் வானத்தை நோக்கி வாழ்பவை. மழை ஒரு பருவம் பொய்த்தால் கடன். இரண்டு பருவம் பொய்த்தால் பட்டினி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் பரம்பரையாகச் சொல்லி வந்தனர். அப்பஞ்சத்துக்குச் சற்று முன்னரே, 1875ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. மறு ஆண்டில் அது தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டியது. பசி தள்ள, ரயில் இழுக்க, கடலுக்கு அப்பால் வேலை காத்திருந்தது.

அவ்வேலை முதலில் காப்பித் தோட்டத்து வேலையாயிருந்தது. இலங்கையின் கண்டிச் சீமையில் வெள்ளைத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி பயிரிடத் தொடங்கினர். காப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களிலேதான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். ஆகவே, ஆடவர்கள் கூட்டமாகச் சென்று, பறிப்பு முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பினர். பாம்பன் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடந்தனர். குடிநீர் அரிது, வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணை. இவ்வடபாதையில் மடிந்தவர்களின் தொகையை முறையாக எண்ணியவர் இலர். அந்நாளில் மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்து கணவர் வரவை நோக்கியிருந்தனர்.

இந்நிலையை மாற்றியது ஒரு பூஞ்சாணம் என்றால் வியப்பாயிருக்கும். 1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பிச் செடியின் இலைகளில் துருப்போன்ற ஒரு நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலே அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, காப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலையின் இயல்பு வேறு. அஃது ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரத்துக்கு ஒருமுறையேனும் கொழுந்து பறிக்க வேண்டுவது. வேலை ஆண்டு முழுவதும் இருத்தலால் ஆட்களும் ஆண்டு முழுவதும் இருத்தல் வேண்டும். கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பெண்களையே துரைமார் விரும்பினர். அவர்களுக்குக் கொடுத்த கூலியும் குறைவு. ஆகையால், தனி ஆடவனைத் தேடி வந்த கங்காணி, இப்பொழுது குடும்பத்தைத் தேடி வந்தான். பயிர் மாறியதனால் பிரயாணமும் மாறிற்று. தனியே போய் மீண்டு வந்த கணவனுக்குப் பதிலாக, கணவனும் மனைவியுமாகப் போய்த் தங்கிவிடும் குடியேற்றம் உண்டாயிற்று.

கங்காணி என்பவன் அயலானல்லன். அதே ஊரினன், பெரும்பாலும் உறவினன் அல்லது சாதியான். காதில் கடுக்கனும் தோளில் சால்வையுமாக ஊருக்கு வருவான். கோயிற் கொடைக்குப் பணம் கொடுப்பான். 'தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரிலே கிடக்கின்றன' என்பது போன்ற பேச்சுப் பேசுவான். அவன் கொடுக்கும் முன்பணத்தைக்கொண்டு குடியானவன் பழங்கடனைத் தீர்ப்பான். சில வேளை அப்பணத்திலேயே திருமணமும் நடைபெறும். மணமான சூட்டோடு அத்தம்பதிகள் புறப்படுவர். இவ்வாறு, இல்லறத்தின் முதல் நாளே கடனின் முதல் நாளாகவும் ஆயிற்று.

அத்தகைய ஓர் இளங்குடும்பம் 1920ஆம் ஆண்டுகளில் திண்டுக்கல்லிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு முந்திய தலைமுறையினர் தூத்துக்குடி சென்று கொழும்புக் கப்பலேறினர். 1901ஆம் ஆண்டையொட்டி அவர்களுக்கெனத் தகரச் சீட்டு என்னும் ஏற்பாடு தோன்றியிருந்தது. தோட்டத்தின் ஜில்லாவையும் எண்ணையும் துளையிட்டுக் குறித்த ஒரு தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டால், ரயிலிலும் கப்பலிலும் காசு கேளாமல் ஏற்றிச் செல்வர். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும்; பின்னர் அங்கிருந்து கூலியாளின் கணக்கில் விழும். பொருள்களை அனுப்புங்கால் பெட்டியின்மீது விலாசம் எழுதி ஒட்டுவது வழக்கம். இங்கு மனிதரே பெட்டியாயினர்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் மதுரை, மண்டபம், தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னார் செல்லும் குறுகிய வழி உண்டாயிற்று. ஆகவே நம் தம்பதிகள் திண்டுக்கல்லில் ரயிலேறி மதுரை கடந்து மண்டபத்தில் இறங்குவர். அங்கே இலங்கை அரசாங்கத்தார் நடத்திவந்த பெரிய முகாம் ஒன்றிருந்தது. 'மண்டபம் காம்பு' என்றே ஜனங்கள் அதனைக் கூறுவர். தொத்துநோய் தோட்டத்துக்குப் பரவாதபடி, ஏறக்குறைய ஒரு வாரம் அவர்களை அங்கே நிறுத்திவைப்பர். துணிகளை நீராவியில் இட்டெடுப்பர், அம்மை குத்துவர், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பர், இரு வேளையும் சோறு இலவசம். பட்டினி ஊரிலிருந்து வந்தவர்க்கு அச்சோறு பெரிதே. ஆயினும் முன்பின் அறியாதார் முன்னிலையில் வரிசையில் நின்று, உடலைச் சோதிக்கக் கொடுத்த நாணம், கிராமத்துப் பெண்டிர்க்கு எளிதில் மறக்கக்கூடியதன்று.

பின்னர்த் தனுஷ்கோடித் துறையில் கப்பல். கடற்பிரயாணம் இருபது மைலுக்குச் சற்று மேல். சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆஸ்திரேலியா சென்ற ஆங்கிலத் தம்பதிகள் ஐந்து திங்கள் கடலில் இருந்தனர். நம் தம்பதிகளோ காலையில் ஒரு கரையையும் மாலையில் மறு கரையையும் கண்டனர். தொலைவு குறைந்தமையாலேயே ஓர் ஏமாற்றமும் விளைந்தது. 'இதோ இருக்கும் சீமைதானே. மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம்' என்று ஒவ்வொருவரும் எண்ணினர். ஐந்து திங்கள் கடல் கடந்தவன் தான் குடிபெயர்ந்ததை அறிவான். அரை நாளில் கடந்தவன் தான் குடிபெயர்ந்ததையே அறியான். பிற்காலத்தில் விளைந்த துன்பங்கள் பலவற்றுக்கும் இவ்வறியாமையே வித்தாயிற்று.

தலைமன்னாரிலிருந்து ரயில் அநுராதபுரம், பொல்காவலை வழியாக மலைநாட்டுக்குச் செல்லும். அட்டன், நானுஓயா போன்ற நிலையங்களில் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பர். அங்கே அவர்களுக்கென ஒதுக்கப்படுவது லயத்தில் ஒரு காம்பரா. லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். காம்பரா என்பது அவ்வறைகளுள் ஒன்று. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் அதற்குள்ளேயே. விடியுமுன் தப்படித்ததும் எழுந்து பிரட்டுக்களத்தில் போய் நிற்றல் வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை பெயர் பதிந்து ஆட்களைப் பிரித்து அனுப்புவான். மனைவி கூடையுடன் கொழுந்து மலைக்கும், கணவன் கவ்வாத்து வெட்டவோ கான் வெட்டவோ வேறு மலைக்கும் செல்வர். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய பின்னர், விறகு பொறுக்குதல், நீர் சுமத்தல், சோறாக்குதல் ஆகியவை மனைவியின் இரண்டாவது வேலையாக அமைந்தன. அவ்வேலைக்குப் பேரேட்டில் இடமில்லை.

வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த குறைந்தபட்சக் கூலி 1929ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். ஆகவே கணவன் மனைவி இருவரும் ஒரு நாள் உழைத்தால் 97 சதம். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைத்ததாகக் கொண்டால் 24 ரூபாய் 25 சதம். அக்கூலி, தோட்டத்திற் கொடுக்கும் அரிசியைப் புசல் ஒன்றுக்கு 6 ரூபாய் 40 சதமாக மதித்து வகுக்கப்பட்டது. இருவருக்கும் மாதம் ஒன்றரைப் புசல் அரிசி வேண்டுமெனக் கொண்டால் 9 ரூபாய் 60 சதம் கழியும். மிஞ்சும் 14 ரூபாய் 65 சதத்தில் மிளகாய், உப்பு, துணி, கம்பளி, கோயில் வரி, மருந்து, ஊருக்கனுப்பும் பணம் அனைத்தும் அடங்குதல் வேண்டும். மனைவி பிள்ளை பெறும் மாதங்களில் வருமானம் பாதியாகும். சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் வியாபார மந்தம் வந்து, அக்கூலியும் குறைக்கப்பட்டது. இக்கணக்கைப் பார்ப்பவர்க்கு, 'மூன்று வருஷத்தில் திரும்புவோம்' என்ற சொல் ஏன் முப்பது வருஷமாயிற்று என்பது விளங்கும்.

இதற்கு முன்னிருந்த நிலை இதனினும் இடர் மிக்கது. கூலியாள் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டின், அவன் பட்ட கடன் இவ்வளவென்று எழுதிய 'துண்டு' ஒன்றைப் பெறுதல் வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தால் ஆள் அவர்கள் வசமாவான். கடனும் உடன் செல்லும். கங்காணிக்குத் தன் ஆட்களுள் வேலைக்கு வருவோர் தொகைக்கேற்பத் தலைக்காசு கிடைத்தமையால், ஆட்களின் கடன் தீர்ந்து அவர்கள் விடுதலை பெறுவதில் அவனுக்கு விருப்பமில்லை. ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போனவனை 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்கனுப்பவும் இடமிருந்தது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றி, ஆள் சேர்ப்பதற்கு அநுமதிச் சீட்டு வேண்டுமென விதித்தது. மறு ஆண்டு முதல் கண்டியில் தன் ஏஜெண்டு ஒருவரையும் அமர்த்தியது. பிரயாணச் செலவும் அதன்பின் தோட்டங்களின் பொது நிதியைச் சேர்ந்ததாயிற்று. சட்டம் வந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் கடனோடு பிறந்த இல்லறம் கடனின்றித் தொடங்குதற்கு வழி பிறந்தது.

இலங்கை சென்றவர்க்கு ஒரு நன்மையேனும் இருந்தது. அவர்கள் குடும்பமாகச் சென்றனர். தூரதேசங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவர்க்கு அதுவும் அரிதாயிருந்தது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911ஆம் ஆண்டு வரையில் ஏறக்குறைய 1,52,000 இந்தியர் அந்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிராவது செல்லவேண்டும் என்பது விதி. ஆங்கிலத் தம்பதிகளை ஏற்றியவர்கள் இல்லங்களை எண்ணினர். இவர்களை ஏற்றியவர்கள் விகிதத்தை எண்ணினர். குடும்பங்கள் இவ்வெண்ணிக்கைக்குப் போதாதபொழுது, தனித்த பெண்களைத் தேடிப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினர்.

கடல் கடந்த தமிழருடைய திருமணத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய சோதனையும் தென்னாப்பிரிக்காவிலேயே நிகழ்ந்தது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கேப் நீதிபதி சியர்ல் என்பார், பலதார மணத்துக்கு இடந்தரும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் சட்டத்துக்கு ஏற்றவையல்ல எனத் தீர்ப்புக் கூறினார். ஒரே நாளில் இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகியோரின் மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லாதவராயினர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் உரிமையற்றவராயினர். அதுவரையில் ஆடவரைச் சார்ந்திருந்த சத்தியாக்கிரகத்தில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பெண்டிரும் இறங்கியது இத்தீர்ப்பினாலேயாம். தஞ்சை ஜில்லாத் தில்லையாடியிலிருந்து சென்று குடியேறிய முனுசாமி, மங்களம் என்னும் தம்பதிகளின் மகள் வள்ளியம்மை, அப்போரில் சிறை சென்று நோயுற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் நிறைவேறி, நம்மவர் திருமணத்துக்கு அங்கே மதிப்பு மீண்டது. தாலியின் மதிப்பைக் காக்க ஒரு தலைமுறை சிறை செல்ல வேண்டியிருந்தது.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். கடல் கடந்த தமிழ்த் தம்பதிகள் எல்லாரும் கூலிக்காகச் சென்றவரல்லர். தஞ்சையைச் சார்ந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவியார் மீனாட்சியம்மாளும் தோட்டத்தாரின் துயரைத் தம் துயராகக் கொண்டு அங்கு வாழ்ந்தனர். தோட்டங்களுள் அயலார் நுழைதல் தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், நடேசய்யர் புடவை வியாபாரியைப்போல் வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று நிலைமையை அறிந்தார் என்பர். பத்திரிகை நடத்தினார்; 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் நிறுவினார்; சட்டசபையில் அவர்களுக்காகப் பேசினார். எழுத்தறியாத மக்களுக்குச் சொற்பொழிவைவிடப் பாட்டே எளிதில் சென்று சேரும் என்பதை மீனாட்சியம்மாள் அறிந்திருந்தார். ஆகவே தாமே பாட்டெழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். அப்பாட்டுகள் 1940ஆம் ஆண்டில் புத்தகமாக அச்சேறின. கணவர் பேசவும் மனைவியார் பாடவும் மக்கள் கூடினர். இல்லறம் பொதுநலத்துக்கும் கருவியாகலாம் என்பதற்கு இவர்கள் சான்று.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகள் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. மலாய் நாட்டுக்குச் செல்வது அதற்கு முந்திய ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. அன்றோடு பழைய குடியேற்றம் நின்றது. ஆனால் முன்னரே சென்றவரின் கதை நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தினால், தோட்டத்தில் வாழ்ந்த நம்மவரிற் பெரும்பாலார் எந்நாட்டுக்கும் குடிகளல்லாதவர் ஆயினர். மறு ஆண்டில் அவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கு வேறொரு சட்டம் வந்தது. மணமாகாதவர் பத்தாண்டும், மணமானவர் ஏழாண்டும் இலங்கையில் இடைவிடாது வசித்ததைக் காட்டவேண்டும். ஒரு முறை பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வெளியே தங்கினால் அத்தொடர்ச்சி அறுபடும். விண்ணப்பிப்பவன் மனைவியும், திருமணம் நடந்த ஓராண்டுக்குள்ளிருந்து அந்நாட்டிலேயே இடைவிடாது வசித்திருத்தல் வேண்டும்.

இவ்விதியின் கூர்மையை நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல், மாமியார் நோயுற்றால் பக்கத்திலிருந்து பார்த்தல், சொந்த ஊரில் பெண்ணெடுத்து அவளைச் சில ஆண்டு அங்கேயே விட்டுவைத்தல் ஆகியவை நம் குடும்பங்களின் இயல்பு. 'மூன்று வருஷத்தில் திரும்புவோம்' என்ற எண்ணத்தோடு ஊருடன் உறவை அறுக்காமல் வைத்திருந்தவரே, அவ்வுறவின் காரணமாக உரிமை இழந்தனர். ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை கிடைத்தோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். எஞ்சிய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மற்ற 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் வகுக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டின் டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடித் துறை அழிந்தது. ஆகவே பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய துறையைப் பேரர்கள் காணவில்லை. அவர்கள் வந்திறங்கியது இராமேசுவரத்தில். பாட்டன் ஒரு வாரம் தங்கிய அதே மண்டபம் காம்பில் பேரனும் தங்கினான். அவன் கையில் தகரச் சீட்டுக்குப் பதிலாகக் குடும்ப அட்டை இருந்தது.

வந்தவர்களுள் சிலரை அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களுக்காக நீலகிரிக்கு அனுப்பினர்; சிலர்க்குத் தொழிற்கடன் கொடுத்தனர்; 1969ஆம் ஆண்டில் அவர்களுக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றும் தோன்றியது. சிலர் நம் பக்கத்துக் கொடைக்கானல் மலையில் குடியேறினர். சிலர் பாட்டனின் ஊரைத் தேடித் திண்டுக்கற் சமவெளிக்கு வந்தனர். பங்காளிகள் அவர்களை 'சிலோன்காரர்' என்றனர். அங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்க்கு இங்கே வேறு பெயர் காத்திருந்தது. கணவனை ஒரு பட்டியலிலும் அவன் உடன்பிறந்தாரை மற்றொரு பட்டியலிலும் சேர்த்தமையால் பிரிந்த குடும்பங்கள் பல. இலங்கையிலேயே எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டு. ஒரு மனிதன் பிறந்து, மணந்து, மூத்துப் போதற்குப் போதிய காலம்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிய வேண்டுவது என்ன? ஆங்கிலத் தம்பதிகளும் தமிழ்த் தம்பதிகளும் ஒரே கொடியின்கீழ்க் கப்பலேறினர். இருவரும் வறுமையால் புறப்பட்டனர்; இருவரும் காடு வெட்டிக் கழனியாக்கினர். இருவருடைய முடிவும் வேறானமைக்குக் காரணம் உழைப்பின் வேறுபாடன்று. ஒரு சாராரைக் குடிகளாக்கும் சட்டம் முன்னரே எழுதப்பட்டிருந்தது. மற்றொரு சாரார்க்குக் கணக்குப் புத்தகம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

நம் கலாசாலையில் பயிலும் மாணவருள் சிலருடைய வீடுகளிலேனும் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றிருக்கலாம். அதனுள் பழுத்த காகிதங்கள் கிடக்கலாம். தோட்டத்தின் பெயர் எழுதிய ஒரு சீட்டு, பிரயாணப் பத்திரம், குடும்ப அட்டை போன்றவை. அவற்றைக் குப்பை என எறிந்துவிட வேண்டா. வீட்டில் மூத்தோர் இருப்பாராயின், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், யார் அழைத்துச் சென்றார், எத்துறையில் கப்பலேறினர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்காகிதங்களுள் ஒன்று இல்லாமற் போனதாலேயே ஒரு குடும்பம் நாடிழந்ததுண்டு; ஒன்று இருந்தமையால் நிலைபெற்றதுமுண்டு.

பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பக்கத்தில் ஓர் அம்மையாருடைய சமாதி இருக்கின்றது. அவர் எங்கிருந்து வந்தார், யாருடன் வந்தார் என்று நாம் இன்றும் சொல்கிறோம். கண்டிச் சீமையின் தேயிலைத் தூர்களின் அடியில் நம் ஊர்ப் பெண்கள் பலர் பெயரின்றி உறங்குகின்றனர். அவர்களும் எங்கிருந்து சென்றனர், யாருடன் சென்றனர் என்று சொல்லக்கூடியவர் ஒருவரேனும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருத்தல் வேண்டும்.